காலிக் கட்டம்

எங்கள் கல்லூரியில் பல்லுயிர்த் தகவலியலுக்கு, அதாவது பறவை விலங்குகளின் கணக்கைத் தொகுத்து ஆராயும் படிப்புக்கு, பாடத்திட்டம் வகுக்கும் குழுவில் தொழிற்சாலையிலிருந்தும் ஒருவர் இருக்க வேண்டும் என்பது விதி. பறவைக் கணக்கு வைக்கும் தொழிற்சாலைக்கு ஓசூரில் எங்கே போவது? வண்டி உதிரிபாகம் செய்யும் ஆலையிலிருந்து, தரம் பார்க்கும் ஒருவரை அனுப்பினார்கள்.

நீலச் சட்டை, ஷூவில் எண்ணெய்க் கறை. எங்கே கையெழுத்துப் போட்டாலும் கடிகாரத்தைப் பார்த்து நேரத்தையும் எழுதுவார். வருகைத் தாளில் அவர் பெயருக்கு நேரே மட்டும் 10.42 என்று இருந்தது.

முதல் பாடத்துக்கு மாதிரியாக, மத்திகிரிப் பக்கத்து ஏரியில் மாணவர்கள் வாராவாரம் எடுத்த பறவைப் பட்டியலைத் திரையில் காட்டினேன். அவர் எழுந்து அருகில் வந்தார்.

"மேடம், நாமக்கோழிக்கு நேரா மூணு வாரம் காலியா இருக்குதுங்களே. போய்ப் பாத்தும் பறவை இல்லீங்களா, இல்ல யாருமே போகலீங்களா?"

"பறவை இல்லைன்னுதான் இருக்கும்" என்றேன். எனக்கே நிச்சயமில்லை.

"எங்க லைன்ல குறை இல்லைன்னாலும் ஜீரோ போடணுங்க. காலியா விட்டா பாக்கலைன்னுதான் அர்த்தம். அந்த லாட்டுச் சரக்கு மொத்தமும் ஆலைய விட்டு வெளிய போகாதுங்க."

மாணவர்களைக் கேட்டேன். அவர்களுக்கும் நினைவில்லை. பார்த்தும் இல்லையென்றால் பூஜ்யம் போட வேண்டும் என்று முதல் பாடத்தையே திருத்தி எழுத வேண்டியதாயிற்று.

திருத்திய பாடத்திட்டத்தை ஒப்புதலுக்கு அனுப்பினேன். திரும்பி வந்த தாளில் அவர் கையெழுத்து இருந்தது, கீழே 4.15 என்று நேரமும். 'உறுப்பினரின் கருத்து' என்ற கட்டம் மட்டும் காலியாக இருந்தது.

அவர் கணக்கில் காலி என்றால் பார்க்கவில்லை. ஆனால் அந்த மனிதர் பார்க்காமல் கையெழுத்துப் போடுவாரா?