பாடத்திட்டத்தில் இல்லாத சொல்

புத்தளக் கரையோரத் தொழிற்பயிற்சிக் கல்லூரி ஒன்றில், தமிழ் பேசும் மாணவர்களுக்கான சிங்களப் பாடத்திட்டத்தை எழுதியவள் நான். பெயர் சொல்வது, வழி கேட்பது என்று தொடங்கும் அந்தப் புத்தகத்தில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் இருந்தது.

முதல் வகுப்பிலேயே, கட்டட வேலைக்குப் போய்க்கொண்டே வெல்டிங் படிக்கும் அன்சார் எழுந்தார். மன்னாரிலிருந்து இடம்பெயர்ந்த குடும்பத்தவர், இரண்டு பிள்ளைகளின் தகப்பன்.

"மிஸ், பேர் சொல்ல எங்களுக்கு ஏலும். சைட்ல மேலேருந்து இரும்பு விழக்குள்ள சிங்களத்திலதான் கத்துறாங்க. அது விளங்காமத்தான் என்ட கூடப்பிறந்த மூத்த நானாட தோள் உடைஞ்சது. அந்தச் சொல்லப் படிப்பிச்சுத் தாங்க."

என் புத்தகத்தில் அந்தச் சொல் எங்கேயும் இல்லை. ஒரு வேலைத்தளத்தையும் பார்க்காமல்தான் அதை எழுதியிருந்தேன்.

"பிழை என்னிலதான்" என்று சொல்லிப் புத்தகத்தை மூடினேன். வேலையிடத்தில் காதில் விழுந்தவற்றை அவர்கள் சொல்லச் சொல்ல, பலகை நிறையப் பொருளோடு எழுதினேன். ‘அயின் வென்ன’ என்றால் விலகுங்கள். புதிய பாடத்திட்டம் அங்கேதான் தொடங்கியது.

சில மாதங்களின் பின் அன்சார் தொலைபேசியில் அழைத்தார்.

"மிஸ், இண்டைக்கு இரும்பு விழக்குள்ள நான் கத்தினேன். கீழ நிண்ட சிங்கள மேசன் பாஸ் டக்கெண்டு விலகிட்டார். ஒண்டும் ஆகல்ல, அல்ஹம்துலில்லாஹ்."

அந்தக் கொத்தனாரை நான் பார்த்ததில்லை. ஆனாலும் பாடம் எழுத உட்காரும்போதெல்லாம் அவரை நினைத்துக்கொள்கிறேன்.