வரதன் அர்த்தம் கேட்ட வார்த்தை

நான்கு நாளாக டிக்‌ஷனரியைத் தொடவில்லை. அதைப் பார்த்தாலே என் மீதே எனக்கு எரிச்சல் வருகிறது.

வார்த்தைக்கு வேர் தேடும் என் வியாதி உங்களுக்குத்தான் தெரியுமே. என் தெருக்காரன் வரதனுக்கும் தெரியும். சின்ன காஞ்சிபுரத்தில் இருபது வருஷமாகப் பெருமாள் வாகனத்தைத் தோளில் சுமப்பவன். வயிற்றுப்பாட்டுக்கு வாலாஜாபாத் ரைஸ்மில். அங்கே மூட்டை சரிந்து முழங்கால் போயிற்று. போன மாதம் ஆஸ்பத்திரிச் சீட்டோடு வந்தான்.

“கட்டு பிரிச்சிட்டாங்க சார். காலு இன்னும் கட்டையாத்தான் இருக்குது. இதுல இன்னா எழுதிகீறாங்க? திருவிழாவுக்குத் தோள் குடுக்கணும்.”

சீட்டில் இருந்தது — ‘ஃப்ளெக்‌ஷன் நில். பர்மனென்ட்.’

சுமப்பவனுக்குத் தோள் மட்டும் போதாது. கோபுர வாசலில் குடை இடிக்காமலிருக்க, அத்தனை பேரும் ஒரே நேரத்தில் முழங்காலை மடித்துத் தாழ வேண்டும்.

நான் என்ன செய்தேன்? டிக்‌ஷனரியை எடுத்தேன்.

“ஃப்ளெக்‌ஷன்னா மடக்குறதுப்பா. லத்தீன்லேருந்து வந்தது. வளைக்கிறதுன்னு அர்த்தம். கண்ணாடியில தெரியுதே ரிஃப்ளெக்‌ஷன், அதுவும் இதே குடும்பம்தான். பேசும்போது குரல் ஏறி இறங்குதே இன்ஃப்ளெக்‌ஷன், அதுக்கும் இதே வேர்தான்...”

பேசிக்கொண்டே போனேன். அடுத்த இரண்டு வார்த்தைகளுக்கு — ‘இல்லை’, ‘நிரந்தரம்’ — வரவேயில்லை.

“மடக்குறதுன்னா போட்டுகீறாங்க? அப்ப சரியாப்பூடும் சார்.” விந்தி விந்திப் போனான். கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம். தைரியம் இல்லை. அதற்கு இரக்கம் என்று நானே பெயர் வைத்துக்கொண்டேன்.

போன வாரம் புறப்பாடு. தயங்கியவர்களிடம் “சீட்டுலயே போட்டிருக்குது” என்று சொல்லிவிட்டு, வரதன் வாகனத் தண்டுக்கு அடியில் போய் நின்றான். தெருவில் காலை இழுத்து இழுத்துச் சமாளித்துவிட்டான். கோபுர வாசலில் எல்லோரும் தாழ்ந்தார்கள். அவன் மட்டும் நெட்டுக்குத்தலாக நின்றான். பாரம் முழுக்க அவன் தோளில் இறங்கியது. வாகனம் சாய, நாலு பேர் ஓடிப்போய்த் தாங்கினார்கள்.

யாரும் திட்டவில்லை. கூட்டத்தில் மூத்தவர், வரதன் தோளில் மடித்துப் போட்டிருந்த துண்டை எடுத்து வேறொருவன் தோளில் வைத்தார். அவ்வளவுதான்... இருபது வருஷம் முடிந்தது. ஊரே பார்க்க, மதில் பக்கம் திரும்பி நின்று அழுதான்.

மறுநாள் அவன் வீட்டுக்குப் போனேன். “சீட்டுல மடங்காதுன்னுதான் இருந்தது, வரதா. நான்தான் மறைச்சிட்டேன்.”

மடங்காத காலைத் தடவிக்கொண்டே சொன்னான். “அன்னிக்கே சொல்லியிருந்தா வூட்டுலயே அழுதிருப்பேன் சார்.”

லத்தீன் வரைக்கும் போய்வந்த எனக்கு, தமிழில் ‘மடங்காது’ என்று சொல்ல வாய் வரவில்லை.