மீன் வாங்க வந்தவர்களும் என் முதல் வேலையும்

சைக்காலஜியில் எம்.எஸ்சி. முடித்த வருஷம் எனக்காக இரண்டு பேர் வேலை தேடினோம். நான் லேப்டாப்பில் தேடினேன். என் அம்மா மீன் விற்கும் இடத்தில் தேடினாள்.

எங்கள் வீடு ஊரூர் ஒல்காட் குப்பத்தில். அப்பா படகில் போவார். அம்மா காலையில் கடற்கரைச் சாலை ஓரம் பலகை போட்டு மீன் விற்பாள். வீட்டில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான்தான். பொண்ணு என்ன படிக்கிறாள் என்று யாராவது கேட்டால், "மன்சப் பத்தின படிப்பு" என்பாள் அம்மா. சித்தப்பாவோ என்னைப் "பைத்தியக்கார டாக்டர்" என்றே கூப்பிட்டுக்கொண்டிருந்தார். நான் டாக்டர் இல்லை, மேலே இன்னும் படித்துப் பதிவு செய்துகொண்டால்தான் நோயாளிகளைப் பார்க்க முடியும் என்று சொல்லிப் பார்த்தேன். அவர் தலையாட்டிக் கேட்டுவிட்டு மறுநாளும் அப்படியே கூப்பிட்டார். அந்த மேல்படிப்புக்கு இடங்கள் மிகக் குறைவு. நுழைவுத் தேர்வு எழுதினேன், கிடைக்கவில்லை. சரி, கிடைத்த வேலையில் சேர்வோம் என்று கிளம்பினேன்.

முதல் இன்டர்வியூ தி.நகரில், பாத்திரக்கடைக்கு மேல் மாடியில். கம்பெனிகளுக்கு ஆள் பிடித்துக் கொடுக்கும் அலுவலகம் அது. மேனேஜர் என் சர்டிஃபிகேட்டைப் புரட்டிவிட்டு, "சைக்காலஜியா? அப்போ நான் இப்ப என்ன நினைக்கிறேன்னு சொல்லுங்க பாக்கலாம்" என்றார்.

"அடுத்த ஆளக் கூப்பிடலாமான்னு யோசிக்கிறீங்க சார்."

சிரித்துவிட்டார். வேலையும் கொடுத்துவிட்டார். காலையிலிருந்து சாயங்காலம் வரை ஒரே தாளைப் பார்த்து, வேலை தேடுகிறவர்களுக்குப் போனில் படிக்க வேண்டும். எதிர்ப்பக்கம் ஒருவர் தயங்கினால், ஏன் தயங்குகிறார் என்று கேட்கத் தோன்றும். கேட்டால் பேச்சு நீளும். நீண்டால் திட்டு விழும். மூன்று வாரம் தாங்கினேன்.

அடுத்தது மயிலாப்பூரில், கவுன்சிலர் தேவை என்று போட்டிருந்தார்கள். போய் உட்கார்ந்த பிறகுதான் அது கல்யாணத் தகவல் மையம் என்று தெரிந்தது. மாப்பிள்ளை வீடுகளுக்கு போன் போட்டு, போட்டோ அனுப்பச் சொல்வதுதான் கவுன்சிலிங். மத்தியானச் சாப்பாட்டுக்குப் போனவள் திரும்பிப் போகவில்லை. மாட வீதியில் நின்று ஒரு ரோஸ்மில்க் குடித்துவிட்டு பஸ் ஏறினேன்.

இதற்குள் அம்மா தன் வாடிக்கைக்காரர்கள் எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்தாள். சங்கரா மீனுக்குச் செதில் தேய்த்துக்கொண்டே, "எம்மா, என் பொண்ணு மன்சு படிப்பு முட்ச்சிட்டு வூட்ல கீது. எங்கனா வேலை கீதா?" என்று கேட்பாள். எனக்குக் கூச்சமாக இருக்கும். அதனால் அந்தப் பக்கமே போகமாட்டேன்.

ஒரு சனிக்கிழமை, தண்ணி கேன் கொண்டு வா என்று போன் பண்ணினாள். தூக்கிக்கொண்டு போனால், பலகையில் ஏற்கெனவே இரண்டு கேன் நிற்கிறது. பக்கத்தில் அடையாறிலிருந்து வரும் ஓர் ஆன்ட்டி. இன்னொருவர், பள்ளிக்கூடத்திலிருந்து ஓய்வுபெற்ற டீச்சர். சாந்தோம் பக்கத்துக் கிறிஸ்தவக் குடும்பத்தைச் சேர்ந்தவர், வாரம் தவறாமல் நெத்திலி வாங்குவார். அம்மா என்னைப் பார்த்ததும், "இதுதாம்மா நான் சொன்ன பொண்ணு" என்றாள்.

ஆன்ட்டி தாழ்ந்த குரலில் சொல்ல ஆரம்பித்தார். அவர் கணவர் வேலையிலிருந்து ஓய்வுபெற்றதிலிருந்து யாரோடும் பேசுவதில்லை, ஒழுங்காகத் தூங்குவதில்லை, சாப்பாட்டுத் தட்டைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருக்கிறாராம். நீ வீட்டுக்கு வந்து சரிபண்ண முடியுமா என்று கேட்டார். அம்மா கத்தியை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். அவ்வளவு பெருமை அந்த முகத்தில்.

எனக்கும் ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் வாயில் வந்தது வேறு. "ஆன்ட்டி, நீங்க சொல்றதக் கேட்டா அங்கிள டாக்டர்தான் பாக்கணும். எனக்கு அந்த அளவுக்குப் படிப்பு இல்ல. வேணும்னா ஆஸ்பத்திரிக்கு நானும் கூட வரேன்."

ஆன்ட்டி மீன் பையை வாங்கிக்கொண்டு போனார். டீச்சர் என்னை ஒரு முறை பார்த்துவிட்டு நெத்திலியைக் கிளறத் தொடங்கினார்.

கூட்டம் கலைந்ததும் அம்மா பிடித்துக்கொண்டாள். "நாலு பேர் எதிர்ல தெரியாதுன்னு சொல்ற. அப்ப இத்தினி வருசம் இன்னாதான்டி படிச்ச?"

"தெரியாதத தெரியும்னு சொல்லக் கூடாதுன்னும் அங்கதாம்மா சொல்லிக் குடுத்தாங்க."

அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டு பலகையைக் கழுவினாள். ஆனால் இரண்டு நாள் கழித்து ஆன்ட்டி அம்மாவின் போனுக்கே கூப்பிட்டார். ஆன்ட்டி, அங்கிள், நான் மூவருமாக ஆஸ்பத்திரிக்குப் போனோம். டோக்கன் வாங்கிக் காத்திருந்தபோது அங்கிளிடம் நான் நோயைப் பற்றிப் பேசவில்லை. என்ன வேலை பார்த்தார் என்று மட்டும் கேட்டேன். ரயில்வேயில் சிக்னல் பிரிவாம். சிக்னல் எப்படி விழுகிறது என்று எனக்கு விளக்கத் தொடங்கினார். ஆன்ட்டி கைக்குட்டையை எடுத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் போய் நின்றார். மருந்தும் பேச்சுமாகச் சில மாதங்களில் அங்கிள் தேறினார். ஒரு நாள் தானே மீன் வாங்க வந்து, வஞ்சிரம் மெலிசாக நறுக்கியிருக்கிறது என்று அம்மாவிடம் குறை சொல்லிவிட்டுப் போனார். அம்மாவுக்கு அன்றைக்கெல்லாம் ஒரே சிரிப்பு.

அங்கிள் தேறுவதற்கு முன்பே டீச்சர் சொல்லி அனுப்பியிருந்தார். அவர் முன்பு வேலை பார்த்த அடையாறு பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளோடு பேச ஒருவர் தேவையாம். போனேன். தலைமையாசிரியை என் அனுபவத்தைக் கேட்டார். தி.நகரில் மூன்று வாரம், மயிலாப்பூரில் அரை நாள் என்றேன். மறைக்கத் தோன்றவில்லை. மேசையைப் பார்த்தபடி சிரிப்பை அடக்கினார்.

"மீன் கடையில நடந்தத டீச்சர் சொன்னாங்க. இங்கயும் சில பெத்தவங்க, ஒரே நாள்ல பிள்ளைய மாத்திக் குடுங்கன்னு வருவாங்க. அவங்ககிட்டயும் அப்படிச் சொல்லுவீங்களா?"

"சொல்லுவேன் மேடம்."

திங்கட்கிழமை வந்து சேரச் சொன்னார்.

எனக்குக் கொடுத்த அறையில் பாதி இடத்தை விளையாட்டுச் சாமான்கள் பிடித்திருந்தன. ஃபுட்பால், த்ரோபால், ஒரு மூட்டை ஸ்கிப்பிங் கயிறு. முதல் வாரம் என்னைத் தேடி ஒரு குழந்தையும் வரவில்லை. எல்லோரும் பந்தைத் தேடித்தான் வந்தார்கள். நான் எடுத்துக் கொடுத்தேன், கையெழுத்து வாங்கினேன், காற்று குறைந்த பந்துக்குப் பம்ப் அடித்தேன். மூன்றாம் வாரம் ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி த்ரோபாலைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போகாமல் நின்றாள். வகுப்பில் யாரும் தன்னை டீமில் சேர்ப்பதில்லை என்றாள். அப்படியானால் பந்தை எதற்கு வாங்கிப் போனாய் என்று கேட்டேன். சுவரில் அடித்து விளையாடினாளாம். மணி அடிக்கும் வரை பேசிக்கொண்டிருந்தோம். மறுநாள் அவள் வேறொருத்தியையும் கூட்டி வந்தாள்.

அந்த மாதக் கடைசியில் பி.டி. மாஸ்டர், இடைஞ்சலாக இருக்கிறதே, பந்துகளை வேறு அறைக்கு மாற்றிவிடலாமா மிஸ் என்று கேட்டார். வேண்டாம் சார், இங்கேயே இருக்கட்டும் என்றேன்.