கண்மாய்க் கரையில் ஓடிய காதர்

காதர் இறந்த செய்தி எனக்கு ஒரு நாள் கழித்துத்தான் வந்தது. சிவகங்கை கோர்ட்டுக்கு வாய்தாவுக்காக வந்திருந்த காரைக்குடிக்காரர் ஒருவர் என் மேஜைக்கு எதிரே வந்து நின்றார். "சேதி தெரியாதா? ஒங்க சிநேகிதரு காதர் பாய் மவுத்தாயிட்டாக. நேத்து சாயங்காலமே அடக்கம் முடிஞ்சிருச்சு" என்றார். நான் நாற்காலியை விட்டு எழுவதற்குள் அடுத்ததையும் சொன்னார். "ஒங்க ஊர்க்காரக டிராக்டர் பிடிச்சு வந்திருந்தாக. பெரிய ரோசாப்பூ மாலை." முதல் செய்தி மட்டும் வந்திருந்தால் ஓரமாக உட்கார்ந்து அழுதுவிட்டுப் பேசாமல் இருந்திருப்பேன். இரண்டாவது செய்திதான் என்னை எழுத வைக்கிறது.

நேரில் அவரை நான் 'நீ' என்றுதான் பேசினேன். அவர் எனக்கு மச்சான், நான் அவருக்கு மாப்பிள்ளை, அப்படி ஒரு உறவை வைத்துக்கொண்டோம். எழுத உட்கார்ந்தால் 'அவர்' என்றே வருகிறது. ஆள் செத்த பிறகுதான் நம் ஊர்க்காரர்களுக்கு மரியாதை கொடுக்கத் தோன்றும். நானும் அந்த ஊர்க்காரன்தானே.

மலாயாவில் சில வருடங்கள் கடையில் இருந்துவிட்டு அறுபதுகளின் தொடக்கத்தில் காதர் காரைக்குடிக்குத் திரும்பினார். செக்காலை ரோட்டில் ஓர் இரும்புக்கடையில் வேலை. வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் ரேடியோவும் செண்டும் கொண்டுவருவார்கள். இவர் கொண்டுவந்தது ஒரு ஜோடி கான்வாஸ் ஷூவும், விடிந்ததும் ஓடுகிற பழக்கமும். அங்கே ரப்பர் தோட்டத்துத் துரைமார்கள் காட்டுப் பாதையில் கும்பலாக ஓடுவார்களாம். "ஒருத்தரும் தொரத்தல மாப்ளே. ஆனாலும் ஓடுறாய்ங்க. அதப் பாத்ததுல இருந்து எனக்கும் கால் சும்மா இருக்கல" என்பார். அப்போது நானும் காரைக்குடியில் குமாஸ்தா. முதலில் கேலி செய்தேன். ஒரு மாதத்தில் நானும் அவர் பின்னால் ஓடிக்கொண்டிருந்தேன்.

எங்களுக்கு மூன்று பாதைகள் இருந்தன. ஒன்று முந்திரிக்காட்டு வழி. சரளை மண், பாதத்தைப் பதம் பார்த்துவிடும். முந்திரி பூக்கும் மாதத்தில் மட்டும் அந்த வாசனைக்காகவே போகலாம். இன்னொன்று குன்றக்குடிக்குப் போய் மலையை ஒரு சுற்றுச் சுற்றித் திரும்புவது. அடிவாரத்தில் பூக்கட்டும் அம்மாள் ஒருவர் காதரை விடமாட்டார். "பாய், என்ன கிரிவலமா? மெதுவாப் போனாத்தான் பலன்" என்பார். "எனக்குக் கடை தொறக்கணும்த்தா. முருகன் கோவிச்சுக்கிட மாட்டாரு" என்று ஓடிக்கொண்டே பதில் சொல்வார். நாய்கள் விரட்டினால் நான் கல்லைத் தேடுவேன். காதர் நின்றுவிடுவார். "நாம ஓடுறதாலதான் அதுக்கு வேலை வருது மாப்ளே. நின்னுட்டா அதுக்கு என்ன செய்யன்னு தெரியாது." பெரும்பாலும் அது சரியாகவே இருந்தது. ஒரு முறை கடிபட்டார். அதையும் சொல்லிவிட வேண்டும்.

மூன்றாவது பாதைதான் அவருக்கு உயிர். காரைக்குடிக்குப் பக்கத்திலிருக்கும் எங்கள் ஊர்க் கண்மாய்க்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்காலின் ஓரமாகவே ஓடி, கருவேலங்காட்டைத் தாண்டி, கண்மாய்க் கரையில் ஏறுவோம். ஒரு பக்கம் தண்ணீர், மறுபக்கம் பள்ளத்தில் நெல் வயல். "இந்தக் கரைக்கு வந்தா கால் இருக்கறதே தெரியல" என்பார்.

அந்தக் கரையில்தான் வந்தது வினை. எங்கள் பக்கத்தில் ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் கண்மாய்க் கரையில் ஒருவன் ஓடினால் அதற்கு ஒரே அர்த்தம்தான்: கரை உடையப் போகிறது. முதல் மழைக்காலத்தில் காதர் தனியாக அந்தக் கரையில் ஓடியபோது யாரோ தூரத்திலிருந்து பார்த்துவிட்டார்கள். ஊரே மண்வெட்டியும் கூடையும் வைக்கோலுமாகக் கரைக்கு வந்துவிட்டது. வந்து பார்த்தால் கரை கல் போல நிற்கிறது, காதர் கழுத்து வியர்வையைத் துடைத்துக்கொண்டிருக்கிறார். சிலர் சிரித்தார்கள், பலர் வாய்க்கு வந்தபடி ஏசினார்கள். ஊர்த் தலைக்கட்டான அம்பலமாக இருந்த என் பெரியப்பா ஒரு கட்டுப்பாடு போட்டார். "மழைக்காலத்துல கரையில ஏறுனா நடந்துதான் போகணும் பாய். ஓடப்படாது."

காதர் ஒப்புக்கொண்டார். ஒப்புக்கொண்டதோடு விடவில்லை, எழுத்துப் பிசகாமல் காப்பாற்றினார். கரை தொடங்கும் இடத்தில், மிச்சத் தண்ணீர் வழியும் கலுங்கு வரை ஓடிவந்து, அங்கே நின்று மூச்சு வாங்கி, கரை முழுவதையும் கல்யாணத்துக்குப் போகிறவர் போல நடந்து கடப்பார். மழை கொட்டினாலும் நடைதான். யார் பார்க்கப் போகிறார்கள், ஓடேன் என்று நான் நச்சரித்திருக்கிறேன். "சொன்ன சொல்லு யாரும் பாக்காதப்பவுந்தான் மாப்ளே" என்றார். பல வருடங்கள் அப்படியே நடந்தார்.

எழுபதுகளில் ஒரு கார்த்திகை. நான் சிவகங்கைக்கு மாற்றலாகி வந்துவிட்டேன். விடாத மழை, கண்மாய் நிரம்பித் தளும்புகிறது. காதர் வழக்கம்போல் கரையில் நடந்து வந்தவர், மடைக்குப் பக்கத்தில் கரையின் அடியில் செம்மண் கலங்கலாகத் தண்ணீர் கொப்பளிப்பதைப் பார்த்தார். தெளிந்த தண்ணீர் கசிந்தால் பயமில்லை. கலங்கலாக வந்தால் உள்ளே மண் கரைகிறது என்று அர்த்தம். அன்றைக்கு அவர் ஓடினார். கத்திக்கொண்டே கரை நெடுக ஓடி ஊர்ச் சாவடிக்கு வந்து சேர்ந்தார்.

சாவடியில் இருந்தவர்கள் கரையைப் பார்க்கப் போயிருக்க வேண்டும். போகவில்லை. அவர்கள் கண்ணில் பட்டது காதர் ஓடிவந்தது மட்டும்தான். "ஏன் பாய், நடந்துதான் போறதுன்னு பேசுனமா இல்லையா? இத்தன வருசம் இருந்துட்டு இப்ப என்ன கொழுப்பு?" என்று பெரியப்பா மடக்கினார். "கரை கசியுதுங்க, மொதல்ல ஆள அனுப்புங்க" என்று காதர் கெஞ்சியிருக்கிறார். "மொதல்ல கட்டுப்பாட்டுக்குப் பதில் சொல்லு" என்று அவரைத் தூணோரம் உட்கார வைத்தார்கள். இத்தனை வருடம் நடந்தவன் இன்றைக்கு ஏன் ஓடுகிறான் என்று ஒரு மண்டைக்கும் எட்டவில்லை. அவர்கள் விசாரணையை முடிப்பதற்குள் கரை தன் வேலையை முடித்துவிட்டது. கதிர் வரப் பொதி கட்டியிருந்த நெற்பயிர் முழுவதும் மண்ணுக்கு அடியில் போனது.

பிறகு யார் தலையிலாவது பழியைப் போட வேண்டுமே. பாய்தான் மடையில் கை வைத்துவிட்டுப் பயந்து ஓடிவந்தார் என்று ஊர் ஒரே வாயாகச் சொன்னது. ஒரு ராத்திரி அவரை ஸ்டேஷனில் உட்கார வைத்தார்கள். சாட்சி இல்லை என்று விட்டுவிட்டார்கள். ஆனால் 'கரையை ஒடைச்ச பாய்' என்ற பெயர் காரைக்குடிச் சந்தை வரைக்கும் போய்ச் சேர்ந்தது. நான் ஊருக்குப் போய்ப் பெரியப்பாவிடம் சண்டை போட்டேன். அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்: "அவரு ஒடைக்கலைன்னு எனக்குத் தெரியாதாடா? அதச் சொன்னா, சொல்ல வந்தவரப் பிடிச்சு வச்சுக்கிட்டு அம்பலம் கரையக் கோட்டை விட்டாருன்னு ஆகிப்போகும்." அன்றைக்கு அந்த வீட்டில் வைத்த சோற்றைத் தொடாமல் எழுந்து வந்தவன்தான். இன்னும் போகவில்லை.

காதர் அதன் பிறகு ஓடவில்லை. இரும்புக்கடை நாற்காலியில் உட்கார்ந்து உட்கார்ந்தே உடம்பு கனத்துப் போனார். மறுபடி ஓடலாம் வா என்று கூப்பிட்டபோது, "வேணாம் மாப்ளே. நான் ஓடுனாலே எங்கிட்டோ என்னமோ ஒடையுதுன்னு பாக்குறாக" என்றார். என் ஊர்க்காரர்களைப் பற்றி ஒரு கெட்ட வார்த்தை சொன்னதில்லை. எனக்கு அதில் கோபம்தான் வந்தது. நாற்பத்தைந்து வயதைத் தாண்டாமல் மாரடைப்பில் போய்விட்டார்.

துக்கம் கேட்கப் போனேன். முஸ்லிம்கள் மையத்துக்கு, அதாவது இறந்த உடலுக்கு, மாலை போடுவதில்லை என்பதுகூடத் தெரியாமல் வந்த நம் ஊர்க்காரர்கள், கொண்டுவந்த மாலையைப் பள்ளிவாசல் மதில்மேல் வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். ஒரு ஆடு அதைத் தின்றுகொண்டிருந்தது. அவர் மனைவி, கணவனை இழந்தவர்கள் வெளி ஆண்கள் முன் வராமல் இருக்கும் இத்தாவில் இருந்ததால் திரைக்கு அந்தப்பக்கம் இருந்து பேசினார். அழவில்லை. ஒன்றே ஒன்றைக் கேட்டார்.

"ஒங்க ஊர்க்காரக இம்புட்டுப் பேரு வந்தாகளே. இவுக கரைய ஒடைக்கலைன்னு ஒருத்தராச்சும் வாயத் தொறந்து சொன்னாகளா?"

"இல்லக்கா" என்றேன்.

காதரிடமிருந்து எனக்கு மிஞ்சியிருப்பது இந்தக் கேள்வி. இதை நான் வைத்துக்கொள்கிறேன். அவர் நல்லவர், நமக்கு வேண்டியவர் என்று டிராக்டரில் பேசிக்கொண்டே திரும்பிப் போன நம் ஊர்க்காரர்களே, பதிலை நான் எழுதிவிடுகிறேன்: கரையைக் காதர் உடைக்கவில்லை. என் பெரியப்பாவுக்கு அது தெரியும். அன்று சாவடியில் நின்ற உங்கள் ஒவ்வொருவருக்கும் தெரியும். அந்தத் திரைக்கு இந்தப்பக்கம் நின்று ஒரு வார்த்தை சொல்ல உங்களில் ஒருவருக்கும் நா எழவில்லை.