டேங்க் மூடியில் சந்தனம்

பொள்ளாச்சி தாண்டி மூன்றாவது முறையாக படுக்கையும் அடுப்பும் வைத்த எங்கள் பழைய கேம்பர் வேன் நின்றது. மெக்கானிக் முன்னால் மட்டும் நல்ல பிள்ளையாக ஓடும் சனியன். அப்பாவைப் பக்கத்து சீட்டில் விட்டு இறங்கி, எரிச்சலில் டீசல் டேங்க் மூடியைத் திருகித் திறந்தேன். காற்று புஸ்ஸென்று உள்ளே போனது.

அந்தச் சத்தத்தை ஒன்பது வயதில் கேட்டிருக்கிறேன். ஆயுத பூஜைக்கு மறுநாள். தம்பிக்கு இழுப்பு வந்து, அவிநாசியிலிருந்து கோயமுத்தூர் ஆஸ்பத்திரிக்கு அப்பாவின் வேனில் போனோம். வண்டி நடுவழியில் நின்றது.

"ஏனுங்க, பையனுக்கு மூச்சு முட்டுதுங்க," என்றாள் அம்மா.

டீசல் இருக்கிறதா என்று பார்க்க அப்பா மூடியைத் திறந்தார். புஸ். வண்டி கிளம்பியது, கொஞ்ச தூரத்தில் மறுபடி நின்றது. தம்பியின் உதடு நீலமாகிக்கொண்டிருந்தது. இந்தமுறை அப்பா மூடியைத் திருப்பிப் பார்த்தார். காற்றுப் போகும் ஊசித் துளையைக் காய்ந்த சந்தனம் அடைத்திருந்தது. காற்று உள்ளே போகாவிட்டால் டீசல் எஞ்சினுக்கு இறங்காது. பூஜையன்று அதை அப்பியவள் நான். நகத்தால் சுரண்டினார், டீசலும் சந்தனமும் சேர்ந்து மணத்தன. அதன்பின் வண்டி நிற்கவில்லை. தம்பி பிழைத்தான்.

"தூசி அடைச்சுப்போடுச்சு அம்மணி," என்றுதான் அம்மாவிடம் சொன்னார். யார் பூசியது என்று அவர் கேட்கவில்லை. நானும் இதுவரை சொன்னதில்லை.

இப்போது பக்கத்து சீட்டிலிருந்து இறங்கிவந்த அப்பா, போன வாரம் நான் வாங்கிய புது மூடியைத் தடவிப் பார்த்தார். அதில் துளையே இல்லை.

"பயப்படாதே கண்ணு," என்றார். "இந்தத் தடவை நீ அப்புன சந்தனம் இல்லே."