மேடத்தின் காதுகள்

எட்டு மணி பத்து நிமிடத்துக்கு வெயில் டைம் கீப்பர் வீட்டு ஜன்னலுக்குள் நுழையும். எட்டு எட்டுக்கே அவர் டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டு எழுந்துவிடுவார். ஜன்னலோர மேசையில் படுத்திருக்கும் வெள்ளைப் பூனையின் முன் குனிந்து, "மேடம், ஸ்டாப்பிங் வந்தாச்சு. எறங்குங்க" என்பார். மேடம் ஒரு கண்ணை மட்டும் திறந்து பார்த்துவிட்டு மூடிக்கொள்ளும். அப்படியே அள்ளிக் கீழே இறக்கிவிட்டு ஜன்னலில் ஒரு கனத்த போர்வையை மாட்டுவார்.

பஸ் டிப்போவில் நேரம் குறிக்கிற வேலை. மதியம் இரண்டு மணி ஷிப்ட். ஐந்து நிமிடம் பிந்தி வரும் டிரைவரை, "என்ன, பஸ்ஸைத் தள்ளிக்கிட்டே வந்தியா?" என்று கேட்டு உண்டு இல்லை என்று ஆக்குகிறவர். அவர் வீட்டில் ஒரு பூனை கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருக்கிறது. பக்கத்து வீட்டுக்காரன் என்ற முறையில் இந்தக் கூத்தைத் தினமும் பார்க்கும் பாக்கியம் எனக்கு.

பூனை அவருடையதல்ல, மகளுடையது. தாயில்லாத பெண். ஆஸ்பத்திரி வேலைக்கு வெளிநாடு போய் இரண்டு வருடம் ஆகிறது. கிளம்பும்போது, "நான் வர்ற வரைக்கும் இவளை இப்படியே வச்சிருங்கப்பா" என்றாள். "ஆமா, எனக்கு வேற வேலையில்ல" என்றார் இவர். அதுவரை பூனையை 'ஏய்' என்று கூப்பிட்டவர், அன்று சாயங்காலமே மேடம் என்று கூப்பிட ஆரம்பித்தார்.

போன கோடையில் பூனையின் இடது காது நுனி சிவந்து பொருக்குத் தட்டியது. பூச்சி கடித்திருக்கும் என்று விட்டுவிட்டார். பிறகு யாரோ வெயில்தான் காரணம் என்று சொல்ல, மகளின் அலமாரியில் கிடந்த வெயில் க்ரீமை எடுத்துப் பூசினார். டியூபின் நடுவில் மகள் கட்டைவிரலால் அழுத்திய குழி இருந்ததாம். அது கலையாமல் டியூபின் அடிப்பக்கமாகவே பிதுக்கியிருக்கிறார். பூனை காதைப் பாதத்தால் துடைத்துத் துடைத்து நக்கி, மாலைக்குள் நாலு தடவை வாந்தி எடுத்தது. அதை மார்போடு அணைத்துக்கொண்டு தெருவில் ஓடியவரை நான்தான் வண்டியில் ஏற்றிக்கொண்டு போனேன்.

கால்நடை டாக்டரம்மா பிடிபிடியென்று பிடித்துவிட்டார். "மனுஷங்க க்ரீமை இதுக்குப் பூசலாமா? அதுல இருக்கிற துத்தநாகம் இதுக்கு விஷம். வெள்ளைப் பூனைக்குக் காதுல முடி கம்மி, வெயில் நேரா தோலைச் சுடும். இப்படியே விட்டா கேன்சர்ல போய் முடியும். அப்புறம் காதை வெட்டத்தான் வேணும்." பூனைக்கென்றே உள்ள களிம்பு ஒன்றைக் கொடுத்து, வெயிலில் மட்டும் உட்கார விடாதீர்கள் என்று இரண்டு முறை சொன்னார். டிப்போவில் யாருக்கும் மசியாத மனிதர், "சரிங்கம்மா, சரிங்கம்மா" என்று தலையாட்டினார்.

வீட்டுக்கு வந்ததும், வெயில் எந்த இடத்துக்கு எப்போது வரும் என்று கட்டம் போட்டு ஒரு கால அட்டவணை எழுதி ஒட்டினார். ஜன்னல் 8.10, மேசை 8.15, சோபா 9.40. பதினொன்று ஐம்பதுக்கு வெயில் வீட்டைவிட்டுக் கிளம்பும், போர்வையும் இறங்கும். முதல் இரண்டு நாள் மேடம் சாப்பிடவே இல்லை. இப்போதும் போர்வையைப் பிறாண்டி அழுகிறது. அந்த ஜன்னலிலிருந்துதான் தெருமுனை தெரியும். வெளிநாடு போகும் முன்பு மகள் வேலை முடிந்து வேனில் வந்து இறங்கிய முனை. "அவ வந்து எறங்குவான்னு பாக்குதுங்க. நான் திரையைப் போட்டு மறைக்கிறேன்" என்றார் என்னிடம்.

நேற்றுக் காலை எட்டரைக்கு மகள் வீடியோவில் கூப்பிட்டாள். நானும் அங்கே இருந்தேன். "காதைக் காட்டுங்கப்பா. அட, முடிகூட மொளைச்சிருக்கே!" இவருக்கு முகமெல்லாம் சிரிப்பு. "நீ வர்றப்போ முழுசா ஒப்படைச்சிடுவேன். எப்போ வர்றே?" என்றார்.

"இந்த வருஷமும் லீவு கிடைக்கலப்பா."

"அதனாலென்ன, நீ உடம்பைப் பாத்துக்கோ" என்று சட்டென்று சொல்லி போனை வைத்துவிட்டார்.

பூனை போர்வையைப் பிறாண்டிக்கொண்டிருந்தது. அவர் எழுந்து போய்ப் போர்வையை அவிழ்த்தார். பூனை ஒரே தாவலில் மேசைமேல் ஏறியது. வெயிலும் கூடவே ஏறியது. நாற்காலியை இழுத்து ஜன்னலுக்கும் மேசைக்கும் நடுவில் போட்டு, தெருவுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார். அவர் நிழலுக்குள் இருந்தபடியே பூனை தோளோரமாகத் தெருமுனையைப் பார்த்தது. வெயில் நகர நகர நாற்காலியையும் நகர்த்தினார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. ஒருமுறைகூடத் தெருப்பக்கம் திரும்பாமல், பூனையின் முகத்தையே பார்த்துக்கொண்டு சொன்னார்: "வந்தா சொல்லுங்க, மேடம்."