கடைசி ரீலில் திரும்பி வந்தவன்

என் அக்காவின் கணவர் பர்மா சண்டைக்குப் போய்த் திரும்பவில்லை. இறந்ததாகவும் சேதி வராததால் அக்கா பொட்டை அழிக்காமலேயே இருந்தாள். ஐம்பதுகளில் ஒருநாள் அவளை ஓசூர் டூரிங் கொட்டகைக்குக் கூட்டிப்போனேன். செத்துவிட்டதாக எல்லோரும் நினைத்த சிப்பாய், படத்தின் கடைசி ரீலில் வீடு வந்து சேர்ந்தான். கூட்டம் கைதட்டியது. அக்கா வெளியே போய்விட்டாள்.

பின்னாலேயே ஓடினேன். "படம் எடுக்கறவனுக்கு என்னடா, நெனச்சா கூட்டியாந்துடறான்," என்று அழுதாள்.

மறுநாள் காலையில் அவள் நெற்றியில் பொட்டு இல்லை. அம்மா பதறிப்போய்க் கேட்டதற்கு, "போதும்மா," என்று மட்டும் சொன்னாள்.

மாநிலங்களை மொழிவாரியாகப் பிரித்த அந்த வருஷங்களில், ஓசூர் மைசூருக்கா, மதராசுக்கா என்று டீக்கடையில் மூன்று மொழிகளில் வாதாடுவார்கள். நானும் கத்தியிருக்கிறேன். ஆனால் யாராவது சண்டை போட்டே தீரவேண்டும் என்று ஆரம்பித்தால், அக்காவின் வெறும் நெற்றி ஞாபகம் வந்துவிடும்; என்னால் அங்கே உட்கார முடிந்ததில்லை.